பென்சிலில் எழுதிய ஆறு மணி நேரம்

முதல் அறிகுறி நாற்காலிதான்.

கட்டம்மா உட்கார்ந்த நாற்காலிக்குப் பதினோரு வருடமாக மூன்றரைக் கால். மீதி அரைக் காலுக்கு ஒரு பழைய கேள்வித்தாளை எட்டாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கேள்வித்தாளின் மடிப்பில் "காரணம் கூறுக" என்ற வரி மட்டும் வெளியே தெரியும். திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது பழையது சுவரோரம் ஒதுங்கி நின்றது. அதன் இடத்தில் முதுகுக்கு மெத்தை வைத்த புது நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், நாலு காலிலும் நின்றது.

"நான்தான் மேடம், ஸ்டோர்ல சொல்லி வாங்கினேன்," என்றார் எதிர் மேசை நாடக ஆசிரியை. "உங்க இடுப்புக்கு அந்தப் பழசு ஆகாது."

கட்டம்மாவின் இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி, இடுப்பை லேசாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். அன்போடு ஒருவர் கொடுத்த வியாதியை முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கட்டம்மா என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இருபத்தாறு வருடமாகக் கலைப் புலத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தர்க்கவியல் நடத்துகிறார். அந்தப் பாடத்தால் அவருக்குக் கிடைத்த புகழ் சொற்பம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முதலாண்டுப் பாடத்திட்டத்தை மாற்றுவார்களே, அப்போது மேசை அகலத் தாளில் கட்டம் போடுபவர் அவர்தான். வாரத்துக்கு முப்பது மணி நேரம். ஐந்து பாடம், ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஆறு மணி. கட்டத்துக்குள் பாடத்தின் பெயர், அதன் கீழே ஐந்து அலகு, படிக்க வேண்டிய நூல்கள். கேட்டால் சின்ன வேலைபோலத்தான் இருக்கும். ஆனால் யாருடைய பாடம் கட்டத்துக்குள் இருக்கிறதோ அவர்தான் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பார். பாடம் போனால் வேலை போகாது, பல்கலைக்கழகம் அவ்வளவு கொடுமைக்காரர்கள் நடத்துவதல்ல. வேலை இருக்கும் ஊர்தான் போகும். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு கிளை வளாகம் இருந்தது. பாடம் இழந்தவர்களை அங்கே அனுப்புவார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை. போன் மட்டும் வரும்.

கட்டம் போடுவதில் கட்டம்மா ஒரு முறை வைத்திருந்தார். முடிவானதை மையில் எழுதுவார், முடிவாகாததைப் பென்சிலில் எழுதுவார். மையில் எழுதியதை எக்காரணத்துக்காகவும் அழிப்பதில்லை. இதை அவரே முன்மொழிந்து, கூட்டக் குறிப்பிலும் ஏற்றியிருந்தார். இரண்டாவது விதி டைப்பிஸ்டுக்கானது. பத்து வருடத்துக்கு முன்னால் கட்டம்மா ஒரு நூலின் பக்கத்தில் பென்சிலால் "இது தேவையா?" என்று தனக்காகக் கிறுக்கி வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரிந்த எதையும் விடாத டைப்பிஸ்ட் அதையும் அடித்துவிட்டார். அச்சாகி வந்த நாலாயிரம் பாடத்திட்டப் புத்தகத்திலும் இரண்டாம் பருவத்துக்கான நூற்பட்டியலில் மூன்றாவதாக 'இது தேவையா?' நின்றது. அந்த வருடம் இருபது பேர் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். நூலகர் வெளியூரிலிருந்து வரவழைக்க எழுதிப்போட்டார். அன்றிலிருந்து டைப்பிஸ்டுக்கு ஒரே கட்டளை: மையை அடி, பென்சிலைத் தொடாதே, அந்த இடத்தைக் காலியாக விடு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது விதி இல்லை, பழக்கம். தன்னுடைய தர்க்கவியலைக் கட்டம்மா எப்போதும் கடைசிவரை பென்சிலிலேயே வைத்திருப்பார். கூட்டத்தில் எல்லாம் முடிந்த பிறகு, "இது மட்டும் உங்க விருப்பம்" என்று தாளை நகர்த்துவார். உடனே புலத்தலைவர், "தர்க்கம் இல்லாம முதல் வருஷமா? மை வைங்க மேடம்!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கட்டம்மா பேனாவின் மூடியைக் கழற்றுவார். நாலு பாடத்திட்டத்தில், நாலு புலத்தலைவர்களிடம் இந்த வாக்கியத்தை வாங்கியிருக்கிறார். வேறு பாராட்டு எதுவும் அவர் எதிர்பார்த்ததில்லை. அதனால்தான் தன்னை அடக்கமானவள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் புலத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வரலாற்றுக்காரர். வட்ட முகம், எப்போதும் அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் ஒரு பளபளப்பு.

"உக்காருங்க மேடம். இடுப்பு எப்படி இருக்கு?"

இடுப்பு காலையில்தான் பிறந்தது. மதியத்துக்குள் நாலாவது மாடி ஏறிவிட்டது.

"பரவாயில்ல சார்."

"பாத்துக்கோங்க. மேலிடத்துலேர்ந்து ஒரு சுற்றறிக்கை. முதல் வருஷத்துக்கு 'வேலைத்தகுதிப் பயிற்சி'ன்னு ஒண்ணு கட்டாயமாம். வாரத்துக்கு ஆறு மணி."

"அதுல என்ன சார் சொல்லிக் கொடுக்கணும்?"

"எப்படி உக்காரணும், எப்படிக் கை குடுக்கணும், எப்படிச் சிரிக்கணும்."

"ஆறு மணி நேரமா?"

"வாரா வாரம்." புலத்தலைவர் பெருமூச்சு விட்டார். "முப்பதுக்கு மேல போகக் கூடாது. நீங்கதான் எங்கேயாவது ஆறு மணி கண்டுபிடிக்கணும். உங்களால முடியாததா! வெள்ளிக்கிழமை கூட்டம். அன்னிக்கு மதியமே மேலிடத்துக்குப் போகணும், அதனால குறிப்பை வியாழக்கிழமையே அடிச்சு வச்சிடலாம்."

கூட்டத்துக்கு முந்திய நாளே கூட்டத்தில் நடந்ததை அடித்து வைப்பது அந்தப் புலத்தின் நெடுநாள் வழக்கம். கூட்டம் கூடுவது, அடித்ததில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க.

கட்டம்மா படியிறங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டார். முதல் மொழி, இரண்டாம் மொழி இரண்டையும் தொட முடியாது, அந்தத் துறைகளில் ஆளுக்கு ஆள் சங்கத்தில் இருக்கிறார்கள். வரலாறு புலத்தலைவருடையது. தர்க்கவியல்? தர்க்கம் இல்லாமல் முதல் வருடமா? ஆகவே நாடகம்.

பாவம், நல்ல பெண். நாற்காலியெல்லாம் வாங்கிப் போட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கட்டம்மாதான் அவளை உள்ளே கொண்டுவந்தார், புவியியலை எடுத்துவிட்டு. புவியியல் ஆசிரியர் குள்ளமான, சத்தமில்லாத மனிதர். அவருடைய பாடத்தை அழிக்க வேண்டியிருந்த வாரம் முழுக்கக் கட்டம்மா அவர்மீது பிரியத்தைக் கொட்டினார். தினமும் முழங்காலைப் பற்றி விசாரித்தார். மாடிப்படியில் அவருடைய உலக உருண்டையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினார். வெள்ளிக்கிழமை அழித்தார். அந்த மனிதர் சண்டை போடவில்லை. "முழங்காலைப் பத்தி இவ்வளவு அக்கறையா விசாரிச்சீங்களே மேடம், அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். கிளை வளாகத்துக்குப் போகும்போது உருண்டையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனார். இப்போது அதன்மேல் நாடக ஆசிரியை தன் ஒப்பனைத் தொப்பிகளை மாட்டி வைத்திருக்கிறார்.

வீட்டில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர்தான் அந்த வீட்டில். அக்கா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுத்தவள். ஊரில் யார் யாரிடம் எந்தக் குரலில் பேசினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை என்பாள், சொல்லாதது மிகக் குறைவு. இப்போது இடது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. நாலு கால் வைத்த ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடப்பாள். காலையில் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைக்க, மதியம் குளியலறைக்குக் கொண்டுபோக, சாயங்காலம் திருப்பிப் படுக்க வைக்க, கட்டம்மாவின் கைதான் வேண்டும். வேறு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள், மூன்று பேர் வந்தார்கள். அக்காவின் வாய்க்கு ஒருத்தி ஒரு வாரம் தாங்கினாள், மற்ற இருவரும் அவ்வளவு கூட இல்லை. பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. மதிய இடைவேளையில் கட்டம்மா வந்து போவதற்குத் தோதாகத்தான் அந்த வீடே. சுவர் நெடுகப் பிடிமானக் கம்பி பதித்து, குளியலறை வாசற்படியை உடைத்துச் சமமாக்கி, அந்த வீட்டை அக்காவின் காலுக்கு அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். கிளை வளாகத்தின் குடியிருப்பு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. புவியியல்காரர் போனில் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"என்னடி, இன்னிக்கு முகத்துல ஒரு மாதிரி தெம்பு?"

கட்டம்மா நாற்காலியில் தொடங்கிச் சுற்றறிக்கை வரை சொன்னார். அக்கா நாற்காலிக் கதையில் மட்டும் காதைத் தீட்டினாள்.

"இடுப்புக்குன்னா சொன்னா?"

"ஆமா."

"உனக்கு இடுப்புல என்ன?"

"ஒண்ணும் இல்ல. ஏதோ பிரியத்துல..."

"தலைவரும் கேட்டாரா?"

"கேட்டார்."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு சூப்பர்வைசர் இருந்தா. யாரையாவது மாத்தப் போறான்னா அந்த வாரம் அவங்க புடவை நல்லாயிருக்குன்னு சொல்லுவா. கடைசியில புடவையைப் பத்தி யாராவது பேசினாலே பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க. குரல்ல தேன் வழிஞ்சா, யார் லைனைப் புடுங்கப் போறாங்கன்னு நான் முதல்ல பிளக்கைத்தான் பார்ப்பேன்."

"நீ எல்லாத்தையும் ஒட்டுக்கேட்டே பழகினவ."

"சரி, நீ எண்ணு. அந்த ஆறு மணியை யார்கிட்டேர்ந்து புடுங்கப் போற?"

கட்டம்மா விரல் மடக்கி எண்ணினார். மொழி, மொழி, வரலாறு, நாடகம்.

"இது நாலு. முப்பதுன்னா அஞ்சு."

"அஞ்சாவது என்னோடது."

"அதான் கேக்கறேன். நீ எண்ணும்போது உன்னை விட்டுட்டு எண்றியே. மத்தவங்களும் அப்படியே எண்ணுவாங்களா?"

கட்டம்மா சிரித்தார். தர்க்கம் இல்லாமல் முதல் வருடமா என்றார். அக்கா அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் விடுவது வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும், இரண்டு தடவையும் ஏதாவது உடையும்.

செவ்வாய்க்கிழமை கட்டம்மா தன் பங்குக்கு அன்பைத் தொடங்கினார். ஒருவரின் பாடத்தை எடுப்பதானால் அந்த வாரம் அவரிடம் இதமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நாகரிகம். பாடத்தை எடுக்காமல் இருப்பதும் நாகரிகம்தான் என்பது அவருக்குத் தோன்றியதில்லை.

"ஏம்மா, தொண்டை கட்டின மாதிரி இருக்கே?"

நாடக ஆசிரியைக்கு நாற்பது வயது, மணி போன்ற குரல். ஒரு கணம் பென்சில் சீவுவதை நிறுத்தினார்.

"அப்படியா மேடம்?"

"கத்திக் கத்திப் பாடம் நடத்தறீங்க. உடம்பைப் பாத்துக்கணும். வெந்நீர் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, நீங்க எழுந்திருக்காதீங்க மேடம், இடுப்போட! நானே போறேன். உங்களுக்கும் ஒரு டீ?"

"வேணாம்மா, நீங்க தொண்டையைக் கவனிங்க."

"நீங்க இடுப்பைக் கவனிங்க மேடம்."

அன்று முழுக்க இருவரும் ஒருவரையொருவர் தாங்கினார்கள். ஒருவர் மின்விசிறியை இவர் பக்கம் திருப்பினால் இன்னொருவர் ஜன்னலை அவருக்காகச் சாத்தினார். அறைக்குள் வந்த டைப்பிஸ்ட், தடியான கண்ணாடிக்காரர், வாசலிலேயே நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, யாராவது ரிட்டயர் ஆகறீங்களா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். கட்டம்மாவுக்குத் திடீரென்று, தன்னைத் தானே எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பெண் கோப்பையை நீட்டும் விதம், தலையைச் சாய்த்துக் கேட்கும் விதம் எல்லாம் எங்கோ பார்த்தவை. யாருடைய பாணி இது? ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். ஆனால் தன் பாணி யாருக்குத்தான் தெரியும்?

புதன்கிழமை காலை கட்டம்மா தாளை விரித்தார். அளவுகோல் வைத்து ஐந்து கட்டம் போட்டார். இரண்டு மொழியையும் வரலாற்றையும் அலகு அலகாக மையில் எழுதினார். நாடகத்தையும் தர்க்கவியலையும் பென்சிலில் எழுதினார். திட்டம் எளிமையானது. டைப்பிஸ்ட் இரண்டு இடத்தையும் காலியாக விடுவார். வெள்ளிக்கிழமை தாளை நகர்த்தினால் தலைவர் வழக்கமான வாக்கியத்தைச் சொல்வார், தர்க்கத்துக்கு மை ஏறும். மிச்சமிருக்கும் பென்சில் கட்டத்தைப் பார்த்து, "வேற வழி தெரியல, மனசு கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கட்டம்மா ரப்பரை எடுப்பார். மனது உண்மையாகவே கஷ்டப்படும். போன முறையும் பட்டது.

நாலாவது மாடியில் டைப்பிஸ்டிடம் கொடுக்கத் தாளைச் சுருட்டி நாடா கட்டினார். லிஃப்ட் அன்று பழுது. எழுந்தபோது பழக்கதோஷத்தில் கை இடுப்புக்குப் போனது. மூன்று நாளாகப் பிடித்துப் பிடித்து அது நிஜமாகவே லேசாக வலிக்கத் தொடங்கியிருந்தது.

"குடுங்க மேடம், நான் கொண்டு போறேன்," நாடக ஆசிரியை கையை நீட்டினார். "நாலு மாடி நீங்க ஏறவா?"

கட்டம்மா ஒரு நொடி தயங்கினார். ஆனால் நாடா கட்டிய தாளைப் பிரித்துப் பார்ப்பது நாகரிகம் தெரிந்தவர் செய்கிற காரியம் இல்லை. கொடுத்துவிட்டார்.

நாடக ஆசிரியை திரும்பி வர நாற்பத்தைந்து நிமிடம் ஆனது.

"வழியில டீ குடிச்சேன் மேடம். தொண்டைக்கு."

அவருடைய வலது சுட்டுவிரல் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. கட்டம்மா அதைப் பார்த்தார். நாடக விளம்பரப் பலகையெல்லாம் அந்தப் பெண்ணே எழுதுவாள், மை ஒட்டுவது சகஜம் என்று நினைத்துக்கொண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தார். அதில் முதல் மாணவன், "எல்லா மனிதரும் இறப்பர்" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டம். நீள மேசையில் பதினோரு பேர். ஆளுக்கொரு பிரதி அடித்த குறிப்பு, தண்ணீர்ப் பாட்டில், பென்சில். கட்டம்மா உட்காரும் இடத்தில் யாரோ ஒரு தலையணை போட்டிருந்தார்கள்.

பிரதியைப் புரட்டினார். முதல் மொழி, ஆறு. இரண்டாம் மொழி, ஆறு. வரலாறு, ஆறு. நாடகம், ஆறு, ஐந்து அலகும் நூற்பட்டியலும் சுத்தமாக அடித்திருந்தது. ஐந்தாவது கட்டத்தில் 'வேலைத்தகுதிப் பயிற்சி, ஆறு.'

மேசை நடுவில் அவருடைய தாள் விரித்துக் கிடந்தது. நாடகக் கட்டம் மையில் மின்னியது. தலைப்பு, அலகுகள், நூல்கள், எல்லாமே மை. எழுத்து அச்சு அசலாகக் கட்டம்மாவின் கையெழுத்து. சொல்லப்போனால் அவருடைய கையெழுத்தைவிடக் கூடுதலாக அவருடைய கையெழுத்து. அவசரத்தில் அவர் விட்டுவிடும் சுழிகளைக்கூட ஒன்று விடாமல் போட்டிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் தர்க்கவியல், சாம்பல் நிறத்தில், ஊதினால் பறந்துவிடும்போல் கிடந்தது.

புலத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். ஆறு மணி நேரம் எங்கேர்ந்து வரும்னு நாம எல்லாரும் முழிச்சிட்டிருந்தோம். இருபத்தாறு வருஷமா தான் நடத்தின பாடத்தை, யாரும் கேக்காமலே, மேடம் தானா விட்டுக் குடுத்திருக்காங்க. தாளைப் பாருங்க. மத்தவங்க எல்லாருக்கும் மை. தனக்கு மட்டும் பென்சில். இந்தக் காலத்துல யார் சார் செய்வாங்க?"

கைதட்டல் மேசை நெடுக ஓடியது. டைப்பிஸ்ட் மூலையில் நின்றபடியே தட்டினார். நாடக ஆசிரியையின் கண்கள் கலங்கியிருந்தன. அது நிஜமா, தொழிலா என்று கட்டம்மாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை அந்தப் பெண்ணாலும் முடிந்திருக்காது.

"ஒரு விஷயம் சார்," என்று எழுந்தார் கட்டம்மா.

கைதட்டல் நின்றது. எழுந்த பிறகுதான் அவர் யோசித்தார். தர்க்க ஆசிரியை முறைப்படி யோசித்தார், அது அவரைக் காப்பாற்றவில்லை, சுற்றி வளைத்தது. 'என் பாடத்தை நான் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவேன்' என்று சொல்லலாம். சரி, அப்படியானால் ஆறு மணி யாரிடமிருந்து என்று கேட்பார்கள். மற்றது எல்லாம் மை, மையை அழிப்பதில்லை என்ற விதி யாருடையது? 'நாடகத்தையும் நான் பென்சிலில்தான் எழுதியிருந்தேன்' என்று சொல்லலாம். ஏன் எழுதினீர்கள் என்று கேட்பார்கள். அவளுடைய தொண்டையைப் பற்றி நாலு நாளாக விசாரித்தது ஏன் என்றும் கேட்பார்கள். அதற்குப் பதில் அந்த மேசையில் இருந்த பதினோரு பேருக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் முழங்காலை விசாரித்தபோதே தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். ஒரு தொண்டைக்கும் ஓர் இடுப்புக்கும் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்க மேடம்," என்றார் தலைவர். இதமாக.

கட்டம்மா பிரதியைப் பார்த்தார்.

"ஏழாம் பக்கத்துல 'பயிற்சி'ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

டைப்பிஸ்ட் ஓடி வந்து குறித்துக்கொண்டார். பன்னிரண்டு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. கடைசியாகக் கையெழுத்து. கட்டம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

மதியம் வீட்டுக்குப் போய் அக்காவைக் குளியலறைக்குக் கொண்டுபோனார். கம்பியைப் பிடித்து நின்றபடி அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"தலையணையாவது குடுத்தாங்களா?"

"அது முன்னாலேயே."

"ம்." அக்கா தன் எடை முழுவதையும் தங்கையின் தோளில் சாய்த்தாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது, அல்லது கட்டம்மாவின் இடுப்புதான் இப்போது உண்மையாகவே பிடித்துக்கொண்டதோ என்னவோ. "எந்த மாடின்னு சொன்னான் அந்த உருண்டைக்காரன்?"

"மூணாவது."

"அப்ப நான் மேலேயே இருந்துடுவேன். இறக்கறதுக்கு ஒரு தடவை நாலு பேர் வருவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கட்டம்மா அவளுடைய முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மாற்றல் உத்தரவு ஒன்பதாம் நாள் வந்தது. வந்த அன்றே நாடக ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சில் பெட்டியைக் கேட்டார். "அடுத்த தடவை யாராவது கட்டம் போடணுமே மேடம். என் கையெழுத்து நல்லாயிருக்குன்னு தலைவர் சொல்றார்." கட்டம்மா அளவுகோல், பேனா, மைப்புட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ரப்பரைத் தேடியபோது, "அது என்கிட்ட இருக்கு மேடம், புதுசு" என்றார் நாடக ஆசிரியை. அவர் முதல் காரியமாக ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். நாலு கட்டத்தில் மை. 'நாடகம்' என்பதை மட்டும், அடக்கமாக, பென்சிலில் எழுதியிருந்தார். கட்டம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, "தொண்டை எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு முழுக்க அட்டைப்பெட்டி. கட்டம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பழைய பழக்கத்தில் அக்காதான் முதலில் எடுப்பாள். இரண்டு விநாடி கேட்டாள். கையால் பொத்திக்கொண்டு தங்கையிடம் நீட்டினாள்.

"உருண்டைக்காரன்," என்றாள் தணிந்த குரலில். "தேன் வழியுது. தொடச்சிட்டு எடு."

"வணக்கம் மேடம்!" ஐந்து வருடத்தில் புவியியல்காரரின் குரல் சற்றுப் பெருத்திருந்தது. "நீங்க வரீங்கன்னு கேட்டதும் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். அக்கா எப்படி இருக்காங்க? மூணாவது மாடி அவங்களுக்கு ஆகாது. கீழ்த்தளத்துல ஒரு வீடு பேசி வச்சிருக்கேன். சாவி என்கிட்டதான்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்..."

"என்ன சிரமம் மேடம்! நீங்க எனக்குச் செய்யாததா? இங்கயும் முதல் வருஷப் பாடத்திட்டத்தை மாத்தறாங்க. கட்டம் போடற வேலை என் தலையில. தர்க்கத்துக்கு ஆறு மணி வச்சிருக்கேன்."

கட்டம்மா போனை இறுகப் பிடித்தார். "மையிலயா சார்?"

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. கோபம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு.

"முதல்ல நல்லபடியா வந்து சேருங்க மேடம். எல்லாம் உக்காந்து பேசிக்கலாம். புது நாற்காலி கூட வாங்கிப் போட்டாச்சு, மெத்தை வச்சது. இடுப்பு எப்படி இருக்கு?"

கட்டம்மா போனை வைத்துவிட்டு, கையில் பாதி சுற்றிய பாத்திரத்தோடு நின்றார். எதிர்முனை பேசியது அவ்வளவு தூரத்திலிருந்தே அக்காவுக்குக் கேட்டிருந்தது. முப்பது வருடக் காது.

"ஏய்," என்றாள். "அந்த மூணரைக் கால் நாற்காலி இன்னும் அங்க சுவரோரமாத்தானே கிடக்கு?"

"ஆமா."

"நாளைக்குப் போய் அதை எடுத்துட்டு வந்துடு. மறக்காம அந்தக் கேள்வித்தாளையும்."